கவிழ்க்காத பை

“கார்த்திகா, அப்ப நீ போடலையா?”

“நான் எங்கக்கா போட்டேன்? எங்க மாமியாரைத் தேனி ஆஸ்பத்திரியில சேத்ததுல இருந்து என் பாடத்தையே பஸ்சுல உக்காந்துதான் எழுதுறேன். நீங்கதான் போடுறீகன்னு நெனச்சேன்.”

“நான் மூணு வாரமா போடலடி. ரமீஸா போடுறான்னு இருந்துட்டேன்.”

“என்னைய இழுக்காதீங்க. மாதிரி வினாத்தாள் வந்ததுல இருந்து அந்தப் பொட்டி பக்கமே நான் போகல. பெரியம்மா, அப்ப நீங்களா?”

“ஆமா, நாந்தேன். ஆட்டுக்குட்டிக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்துட்டு மிச்ச நேரத்துல எழுதுனேன். போடி இவளே! என் பாடத்தை எழுதவே எனக்கு முழி பிதுங்குது.”

யாரும் சிரிக்கவில்லை. கருத்தம்மாள் வாயைத் திறந்தாலே மற்ற மூன்று பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருவது வழக்கம். அன்றைக்குப் போனுக்குள் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. மகாராணி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். அழைப்பில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. பிறகு தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

போடிமெட்டுச் சாலையின் பதினோராம் வளைவில் நின்றிருந்தாள் அவள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து போடிக்குத் திரும்புகிற ஜீப்பு, பதிமூன்று பெண்களோடும் அவர்களுடைய தூக்குவாளிகளோடும் ஓரமாக உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில் இந்த ஒரு வளைவில்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். டிரைவர் அருள்பாண்டி தினமும் இங்கே ஐந்து நிமிடம் நிறுத்துவான். “காலேஜு வந்திருச்சு, எறங்கு தாயி,” என்பான். மகாராணி இறங்கி, பகலில் நோட்டில் எழுதியதைப் படம் பிடித்து ஏற்றிவிட்டு, குழுவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறுவாள். நான்கு மாதமாக அவளுடைய பள்ளிக்கூடம் அதுதான்.

பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்காக மதுரையில் ஒரு அறக்கட்டளை போனிலேயே பத்தாம் வகுப்பு நடத்தியது. ராம்பிரசாத் சார் திரையில் வந்து பாடம் சொல்வார். அவர் ஒரு விதி வைத்திருந்தார். தனியாகப் படிக்கிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், அதனால் ஐந்து ஐந்து பேராகக் குழு. வாரம் ஒரு குழுத்தாள், ஐந்து பேரும் போனிலேயே திறந்து நிரப்புவது. அதில் ஐந்து பொட்டிகள், ஆளுக்கு ஒரு நிறம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஐந்து பொட்டியும் நிரம்பியிருந்தால்தான் குழு அடுத்த வாரத்துக்குப் போகும். ஒருத்தி நின்றுவிட்டால் குழு கலைந்துவிடும். கலைந்தால் அந்த வருடம் பரீட்சை கிடையாது.

மகாராணிக்குப் பச்சை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கியில் வேலை செய்யும் கார்த்திகாவுக்கு மஞ்சள். பெரிய கடைத்தெருவில் மளிகைக் கடைக்காரரின் மகள் ரமீஸாவுக்கு நீலம். நாற்பத்தாறு வயதில், ‘மருமகன் முன்னாடி ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டணும்’ என்று சேர்ந்த பொட்டிபுரத்துக் கருத்தம்மாளுக்குச் சிவப்பு. குரங்கணி முனீஸ்வரிக்குக் கத்திரிப்பூ நிறம். ஐந்து பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டில் அன்று என்ன குழம்பு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏழாவது வாரம் முனீஸ்வரி திருப்பூருக்குப் போய்விட்டாள். புருஷனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. “என்னால இனி ஆகாதுக்கா. பாஸ்வேர்டு சொல்றேன், வச்சுக்கங்க. உங்க நாலு பேருக்கும் என்னால கெடுதல் வரக்கூடாது,” என்று ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அதோடு சரி.

அன்றைக்கு வழி சொன்னவள் மகாராணி.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. காய் எடுக்கிற பெண்களின் பைகள் ஸ்டோரில் வரிசையாக ஆணியில் தொங்கும். ஒருத்தி உடம்பு முடியாமல் வராமல் போனால், அவள் பையை வேறொருத்தி தன் இடுப்பில் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். நிரையில் போகிற எல்லோரும் தாங்கள் எடுக்கிற காயில் ஆளுக்கு ஒரு கை அதில் போடுவார்கள். சாயங்காலம் அவள் பெயருக்கும் காய் இருக்கும். கங்காணி பார்த்தும் பாராதவராக அவள் வந்ததாக எழுதிக்கொள்வார். யார் எவ்வளவு போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை.

“முனீஸ்வரி பொட்டியில நாம நாலு பேரும் ஆளுக்கு ஒரு கை போடுவோம்,” என்றாள் மகாராணி. எல்லோரும் சரி என்றார்கள். யார் எத்தனை வரி என்று பேசிக்கொள்ளவில்லை. வாராவாரம் கத்திரிப்பூப் பொட்டி நிரம்பியது. இப்போது பதினெட்டாவது வாரம். மூன்று வாரமாக ஒருத்தியும் கை போடவில்லை. பொட்டி மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது.

அருள்பாண்டி ஹாரன் அடித்தான். “வெரசா வா தாயி. மஞ்சு எறங்குது, ரோடு மறைஞ்சிரும்.”

*

அன்றிரவு சமையலை ஒதுக்கிவிட்டு, மகாராணி அந்தப் பொட்டியை முதல் தடவையாக நிதானமாக வாசித்தாள்.

பதினைந்தாம் வாரம் கணக்கு. ‘ஒரு வேலையை நான்கு பெண்கள் ஐந்து நாளில் முடிப்பார்கள் எனில், ஐந்து பெண்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?’ கத்திரிப்பூ நிறத்தில் விடை இருந்தது: ‘நான்கு நாள். ஐந்தாவது ஆள் வந்து சேர எடுக்கும் நாட்கள் இதில் சேராது.’ பக்கத்தில் ராம்பிரசாத் சார் சரிக்குறி போட்டிருந்தார்.

பதினாறாம் வாரம் அறிவியல். ‘மூடுபனி என்றால் என்ன?’ விடை: ‘கீழே இறங்க வழி தெரியாத மேகம்.’

பதினேழாம் வாரம் கட்டுரை. தலைப்பு ‘என் ஊர்’.

‘என் ஊருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அது சரிவில் இருக்கிறது. என் வீட்டுக்கு நான்கு வாசல். முன்பெல்லாம் நான்கு வாசல் வழியாகவும் ஆள் வந்து ஆளுக்கு ஒரு கை போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. ஆகவே நானே எழுதப் பழகிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஒரு ஜீப்பு வந்து ஐந்து நிமிடம் நிற்கும். அதுதான் எங்கள் ஊரில் விசேஷம். அவ்வளவுதான்.’

‘அருமை முனீஸ்வரி! நல்ல கற்பனை வளம்!’ என்று சார் பாராட்டி, மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

மகாராணிக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணியை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. என்ன எழுதியிருந்தது என்பதைவிட எப்படி எழுதியிருந்தது என்பதுதான் அவளை உலுக்கியது. ஒவ்வொரு பதிலையும் ‘அவ்வளவுதான்’ என்று முடிப்பது கருத்தம்மாள். வரிக்கு வரி எண் போடுவது கார்த்திகா. முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடு இழுப்பது ரமீஸா. முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாம் வரியில் தொடங்குவது அவளே. மூன்றாம் வகுப்பு டீச்சர் பழக்கிவிட்டது. நான்கும் அங்கே இருந்தன, நான்கு வீட்டு மாவை ஒன்றாகப் பிசைந்து சுட்டது போல.

மறுநாள் கார்த்திகா எப்படியோ முனீஸ்வரியின் திருப்பூர் நம்பரைப் பிடித்துவிட்டாள். மகாராணி பேசினாள். பின்னால் தையல் மிஷின்கள் மழை மாதிரி இரைந்தன.

“அடியாத்தி, மகாராணியக்காவா! இன்னும் நடக்குதா அந்தக் கிளாசு?”

“நடக்குது. நீ எதுவும் எழுதுறியாடி?”

“நானா? காலைல எட்டு மணிக்கு உள்ள போனா ராத்திரி எட்டு மணிக்கு வெளிய வர்றேன். அந்தப் போனையே வித்தாச்சு. ஏங்க்கா?”

மகாராணி சொன்னாள். முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை மறுபக்கம் மிஷின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு முனீஸ்வரியின் குரல் சின்னதாகக் கேட்டது.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. என் பேரை வேணும்னா அது வச்சுக்கிறட்டும். என் போட்டோவ மட்டும் எங்கயும் போட்டுறாதீக. பேரைக் குடுத்துட்டேன். மொகத்தைக் குடுக்க மாட்டேன்.”

அடுத்து ரமீஸா பாஸ்வேர்டை மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. “எங்க அத்தா மேல சத்தியமா எனக்கு மட்டும்தான் தெரியும்,” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது பொட்டி நிரம்பியிருந்தது. “இப்ப என்னையத்தானே சந்தேகப்படுவீங்க?” என்று அழுதாள். “யாரும் படலடி,” என்றார்கள் மூவரும். ஒரு நொடி மூவருமே பட்டார்கள்.

*

“கவுத்தாம விட்டா என்ன ஆகும்?” என்று மகாராணி கேட்டாள்.

திங்கட்கிழமை காலை, ஜீப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சோணை, இருபது வருடமாக அதே தோட்டத்தில் காய் எடுக்கிறவள், வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள்.

“எதை?”

“கை போட்ட பையை. சாயங்காலம் உதறி, உள்ளது வெளிய வர்ற மாதிரி திருப்பி, ஆணியில கவுத்தி மாட்டுறமுல்ல. மாட்டாம விட்டா?”

“மறுநா காலைல எடுத்துப் பாத்தா கனமா இருக்கும்.”

“ராத்திரி யாரு வந்து போடுவா?”

சோணை வெளியே எட்டித் துப்பிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “அதை யாரும் கேக்கிறதில்ல. கேக்காமத்தேன் கவுத்துறது. ஏன், எவ பையைக் கவுத்தாம வந்த?”

மகாராணி தன் கைகளைப் பார்த்தாள். எத்தனையோ பைகளை அவள் கையாலேயே உதறிக் கவிழ்த்திருக்கிறாள். சோறு தின்றால் கை கழுவுகிற மாதிரி, ஏன் என்று கேட்காத வேலை அது. அதனால்தான் குழுவுக்குச் சொல்லும்போது அது நினைவிலேயே வரவில்லை. பழக்கத்தில் பாதியைச் சொல்லியிருக்கிறாள், பாதியை விட்டிருக்கிறாள். பன்னிரண்டு வாரமாக ஒரு பை ஒருநாள்கூடக் கவிழ்க்கப்படாமல், ராப்பகலாக வாயைத் திறந்துகொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர்கள் முதல்முறையாக நேரில் சந்தித்தார்கள். கார்த்திகா வேலை செய்யும் கிட்டங்கி அன்று விடுமுறை. சாவி அவளிடம் இருந்தது. உள்ளே சாக்குகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஏலக்காய் வாசனை தொண்டையில் இறங்கிக் கண்ணைக் கரிக்கிற அளவுக்கு நின்றது.

வேறொரு சமயமாக இருந்தால் அது ஒரு சந்தோஷமான நாளாக இருந்திருக்கும். “இம்புட்டுக் குட்டையாடி நீ? குரலைக் கேட்டு ஆறடி இருப்பன்னு நெனச்சேன்,” என்று கருத்தம்மாள் ரமீஸாவின் தலையைத் தொட்டாள். “நீங்க மட்டும் என்ன பெரியம்மா, போன்ல புலி மாதிரி உறுமிட்டு, பாத்தா பூனைக்குட்டி.” கார்த்திகா பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் நான்கு பேரும் மேசையைப் பார்த்தார்கள்.

ஐந்து டம்ளர்.

“கைப்பழக்கம்,” என்றாள் கார்த்திகா. அவள் முகம் வெளுத்திருந்தது.

யார் சொல்லி என்றில்லை, நான்கு பேரும் தங்கள் போனை அணைத்து, ஒரு சாக்கின் மேல் அடுக்கினார்கள். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் குழுத்தாளைத் திறந்தார்கள். கீபோர்டைக் கழற்றிக் கீழே வைத்தாள் கார்த்திகா. பிறகு எட்டுக் கைகளையும் மேசையின் மேல் விரித்து வைத்தார்கள். ஏலக்காய் பிரித்துப் பிரித்துப் பச்சையேறிய கார்த்திகாவின் நகங்கள், மருதாணி பாதி அழிந்த ரமீஸாவின் விரல்கள், ஆட்டுக்குத் தழை ஒடித்துக் காப்பு ஏறிய கருத்தம்மாளின் உள்ளங்கை, மகாராணியின் கீறல் விழுந்த மணிக்கட்டு. அந்த வாரத் தலைப்பு திரையில் இருந்தது: ‘நான் படித்து முடித்த பின்’.

தெருவில் யாரோ ஐஸ் வண்டி மணியடித்துப் போனான். சுவரில் பல்லி கத்தியது. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கருத்தம்மாள், “எனக்கு மூக்கு அரிக்குது, சொறிஞ்சுக்கிறவா?” என்று கேட்டாள். அப்போது கத்திரிப்பூப் பொட்டிக்குள் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டியது. அதன் தலையில் முனீஸ்வரி என்ற பெயர்.

முதல் வரியை அது காலியாக விட்டது. பிறகு எழுத்து எழுத்தாக, பிள்ளைகள் எழுதுகிற அவசரமில்லாத வேகத்தில் எழுதியது.

‘1. நான் படித்து முடித்த பின் கீழே இறங்கி வருவேன்.

2. ஜீப்பில் இடம் இல்லையென்றால் நடந்து வருவேன். இறக்கம்தானே.

3. இப்படி நான்கு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குச் சுலபம்.

4. எனக்கு ஊற்றிய டீ ஆறட்டும். அவ்வளவுதான்.’

ரமீஸா ஏதோ ஓதத் தொடங்கினாள். கார்த்திகா கதவை நோக்கி ஓடி, சாவியைக் கீழே போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். மகாராணி மட்டும் அந்த ஐந்தாவது டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து, டம்ளரை மேசை மேல் கவிழ்த்தாள்.

“என்னாத்தா செய்யுற?” என்றாள் கருத்தம்மாள்.

மகாராணி அப்போதுதான் மறுபாதியைச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் என்ன செய்திருக்க வேண்டும், இப்போது என்ன செய்தால் முடியும், எல்லாம் சொன்னாள். பொட்டியைத் திறந்து பத்தொன்பது வாரத்தையும் மொத்தமாகத் தட்டிக் கொட்ட வேண்டும்.

“அப்ப அழிங்கக்கா. இப்பவே அழிங்க,” என்றாள் ரமீஸா.

“அழிச்சா நாலு பேரு,” என்றாள் கார்த்திகா. “நாலு பேருன்னா குழு கிடையாது.”

மூவரும் மகாராணியைப் பார்த்தார்கள். ஏனென்றால் நால்வருக்கும் தெரிந்த ஒன்று அங்கே இருந்தது. ரமீஸாவுக்கு இருபத்திரண்டு வயது, அடுத்த வருடம் எழுதலாம். கார்த்திகாவும் அப்படித்தான். கருத்தம்மாளின் மருமகன் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. மகாராணிக்கு மட்டும் ஆனி மாதம் முப்பது முடிகிறது. தேனியில் நர்சு உதவியாளர் படிப்புக்கு முப்பதுக்குள் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழாம் வளைவில், ஓடுகிற ஜீப்பில் ஒரு வடக்கத்திக்காரப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள். மகாராணியின் கை மட்டும் நடுங்கவில்லை. அந்தக் கைகளுக்குள் ஒரு புது முகம் வந்து விழுந்து, கண்ணைத் திறக்காமலே அவளைப் பார்த்தது. அதற்குப் பிறகு ஏலச்செடியின் தூரில் குந்தி உட்காரும்போதெல்லாம் அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கத் தோன்றும். இது காய் பறிக்கிற கை இல்லை என்று தோன்றும். இந்தக் கதையைக் குழுவுக்கு அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

“நீ முடிவு பண்ணாத்தா,” என்றாள் கருத்தம்மாள் கடைசியில். “நீ வச்சிருன்னா வச்சிருப்போம். பயமாத்தேன் இருக்கு. இருந்தா என்ன, நாலு பேரா சேந்து பயந்துக்குவோம்.”

*

ராம்பிரசாத் சார் புதன்கிழமை திரையில் வந்தார். பின்னால் சுவரில் காலண்டர், முகத்தில் சிரிப்பு. “நூத்தி இருபது குழுவுல உங்க குழுதான் முதல் இடம். ஒருத்தர் விடாம அஞ்சு பேரும் சேந்து நிக்கிறீங்க பாருங்க, இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பரீட்சை விண்ணப்பத்துல அஞ்சு பேர் போட்டோவும் ஏறியிருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் விண்ணப்பம் போகாது. முனீஸ்வரி ஏன் கேமராவே போட மாட்டேங்குறாங்க? கூச்சமா?”

“ஆமா சார்,” என்றாள் மகாராணி.

வெள்ளிக்கிழமை தோட்டத்தில் காலையிலிருந்தே மஞ்சு. பக்கத்து நிரையில் இருக்கிறவளின் முக்காடு தெரியாது, இருமல்தான் தெரியும். மகாராணி அன்று அதிகம் காய் எடுக்கவில்லை. ஸ்டோரில் பையை மாட்டும்போது, வராத ஒருத்தியின் பையும் அவள் கைக்கு வந்தது. உதறினாள். மறுபடி உதறினாள். உள்பக்கத்தை வெளியே இழுத்து, தையல் மடிப்புகளில் விரல் விட்டுப் பார்த்து, கவிழ்த்து மாட்டினாள். சோணை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

பதினோராம் வளைவில் ஜீப்பு நின்றபோது மணி நாலரை. சாலையின் விளிம்புக் கல்லுக்கு அப்பால் உலகமே இல்லை, வெள்ளைதான். கீழே போடி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துக்கூடச் சொல்ல முடியவில்லை.

“இன்னைக்குக் கொஞ்சம் நேரமாகும்ணே,” என்றாள்.

“பட்டமளிப்பு விழாவா? ஆகட்டும் தாயி,” என்று அருள்பாண்டி இன்ஜினை நிறுத்தினான். நிறுத்தியதும் மலையின் நிசப்தம் காதை அடைத்தது.

அவள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று குழுத்தாளைத் திறந்தாள். விண்ணப்பத்தில் நான்கு போட்டோக்கள் ஏறியிருந்தன. கார்த்திகா ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்திருந்தாள். ரமீஸா கறுப்பு முக்காட்டுக்குள் முறைத்துக்கொண்டிருந்தாள். கருத்தம்மாள் மூக்குத்தியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தது போல இருந்தாள். நான்காவது அவள். ஐந்தாவது கட்டம் வெள்ளையாக இருந்தது, விளிம்புக் கல்லுக்கு அப்பால் இருந்த அதே வெள்ளை.

ஏதாவது ஒரு போட்டோவை எடுத்துப் போட்டுவிடலாம். யாரோ ஒருத்தி, முகம் தெளிவில்லாத யாரோ ஒருத்தி. யாருக்குத் தெரியப்போகிறது? தேனியில் வெள்ளைச் சுவர் வைத்த ஒரு அறையும், அதில் கழுவிய கைகளோடு நிற்கிற தன் உருவமும் அவள் கண்ணுக்குள் வந்தன. அந்த அறையின் மூலையில், அவளுக்குப் பின்னால், பேருக்கு மட்டும் ஒருத்தி நின்றாள். இறக்கம்தானே என்று நடந்தே வந்தவள்.

மகாராணி கத்திரிப்பூப் பொட்டிக்குள் விரலை வைத்தாள். முதல் வாரத்திலிருந்து இருபதாவது வாரம்வரை எல்லாவற்றையும் நிழலிட்டுப் பிடித்தாள். ‘நிச்சயமாக அழிக்க வேண்டுமா?’ என்று போன் கேட்டது. அவள் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. ஓடுகிற ஜீப்பில் அந்தப் பிள்ளையை வாங்கிய கை அதை அழுத்தவில்லை.

“மகாராணி! யாரு கூடப் பேசிக்கிட்டிருக்க?” ஜீப்புக்குள்ளிருந்து சோணையின் குரல் வந்தது.

அவள் பேசவே இல்லை.

திரையில், நிழலிட்ட வரிகளுக்குக் கீழே, சின்னக் கோடு கண் சிமிட்டியது. முதல் வரியைக்கூடக் காலியாக விடவில்லை. இத்தனை நாள் பாடப்புத்தகத் தமிழில் எழுதியது, இப்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசுகிறவள் மாதிரி எழுதியது. எண் போடவில்லை. கோடு இழுக்கவில்லை. யாருடைய பழக்கமும் அதில் இல்லை.

‘அக்கா, கவுத்தணும்னா கவுத்திக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் ஒரு பிள்ளையைக் கையில வாங்குனவுக, அதான் உங்ககிட்ட கேக்குறேன். உங்க நாலு பேருக்கும் மொகம் இருக்கு. எனக்கு மட்டும் இல்ல. நிறைய வேணாம். ஆளுக்கு ஒரு கை போடுங்க.’